கலாதேவி பெயருக்கு வந்த பத்திரிகைகள்

கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட்ட ஒரு தமிழ் வீட்டை எனக்குக் காட்டுங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். முன்பக்கத்தில் பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள். குப்பை லாரிக்காரன் பிள்ளையாரை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அதனால் ஈப்போவை ஒட்டிய எங்கள் குனோங் ராபாட் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, முப்பது வருஷத்துக் கல்யாணங்கள் இரண்டு பெட்டி நிறையக் கிடந்தன. அந்தக் கல்யாணங்களில் பாதிப் பேருக்கு மருமகப் பிள்ளை வந்துவிட்டது. பத்திரிகை மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் சுகுமாரன், கமுந்திங்கில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை காலையில் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. அவர் இல்லாமல் வீட்டை நடத்த நான் பழகிவிட்டேன். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதை எங்கே வைத்தேன், எதுவும் அவருக்குத் தெரியாது. அவரும் கேட்டதில்லை. போன வருஷம் ஓய்வுபெற்று வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாளே என் மசாலா டப்பாக்களுக்கு அளவெடுத்துப் பெட்டி மடித்துவிட்டார். டிவி ரிமோட்டுக்கு ஒரு பெட்டி. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு பெட்டி. நான் கத்தினால் சிரிப்பார். அவரோடு சண்டை போடுவது பெரிய வேலை, நான் ஒருத்தியே இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும்.

இதற்கிடையில் எங்கள் மகள் ஷாமினிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை பிரஷாந்தன் வீட்டார் யாழ்ப்பாணத்து வம்சம், அப்பாவும் அம்மாவும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள். நாங்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். அதை அவர்கள் யாரும் சொல்லிக்காட்டவில்லை, நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டபம், சாப்பாடு, சேலை எல்லாம் முடிந்து, கடைசியில் விருந்தாளிகள் போகும்போது கையில் கொடுக்கும் அன்பளிப்பில் வந்து மாட்டிக்கொண்டோம். ஈப்போவில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். பெயர் பொறித்த கண்ணாடிக் குப்பி, பெயர் பொறித்த குங்குமச் சிமிழ். விலையைக் கேட்டுவிட்டு நானும் ஷாமினியும் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தோம்.

"நான் செய்றேன்லா," என்றார் இவர். "மாடிப்படிக்குக் கீழ அவ்ளோ நல்ல அட்டை சும்மா கெடக்கு. எந்த வீட்டுக்குக் குடுக்குறமோ அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலயே ஒரு பெட்டி. உள்ள நீ செய்ற தேங்கா மிட்டாய்."

"பழைய பேப்பர்ல பெட்டி மடிச்சுக் குடுத்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க? அதுவும் சாமி படத்த வெட்டுவீங்களா?"

"சாமிய வெட்ட மாட்டேன். சுத்தி வெட்டுவேன். ஒன்னு செஞ்சு காட்டுறேன், புடிக்கலன்னா நீயே கிழிச்சுப் போட்டுடு."

செய்து காட்டினார். இரும்பு அடிக்கோலும் பேனாக் கத்தியும் வைத்து இரண்டு சதுரம் வெட்டினார். மூடிக்கு உள்ளது, அடிப்பெட்டிக்கு உள்ளதைவிட ஓர் இழை பெரிசு. கரண்டியின் முதுகால் மடிப்பு போட்டார். மூலையில் பசை தடவி, துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போட்டுப் பிடித்து வைத்தார். மூடியின் நடுவில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் பெண் மாப்பிள்ளை பெயர். அது பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவின் சொந்தக் கல்யாணப் பத்திரிகை, இருபத்தெட்டு வருஷம் பழசு.

முத்தம்மா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்து பார்த்தாள். தன் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் விரலால் தடவினாள். "எங்க வீட்டுலயே இது இல்லலா, வெள்ளத்துல போயிருச்சு," என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு நடையைக் கட்டிவிட்டாள். மாதிரிக்குச் செய்த பெட்டி. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சம்பந்தி தர்மினி அம்மாவிடம் பயந்து பயந்துதான் போனில் சொன்னேன். "பாப்பம்," என்று மட்டும் சொல்லி அந்த அம்மா போனை வைத்துவிட்டார். மறுநாள் காரில் வந்து இறங்கினார், கையில் ஒரு பெரிய துணிப்பை. "எங்கட வீட்டிலயும் இது ஒரு மலை மாதிரிக் கிடக்குது. எறியவும் ஏலாது, வச்சிருக்கவும் ஏலாது. எங்கட ஆக்களுக்கும் செய்து தாங்கோ." எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். அத்தனை நாளும் மரியாதை மட்டும்தான் வைத்திருந்தேன்.

ஆக, பெட்டி வேலை தொடங்கிவிட்டது. வீடு முழுக்கப் பசை வாசம், நான் ஒரு பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவள். ஆனால் அந்த இரண்டாவது பெட்டியை இவர் இழுத்து வெளியே வைத்தபோது தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தங்கை, கலாதேவி. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போன காலையெல்லாம் அவளை இடுப்பில் வைத்திருந்தது நான்தான். படித்து நர்ஸானாள், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, இப்போது தாப்பாவில் ஒரு கிளினிக்கில் வேலை, அங்கேயே குவாட்டர்ஸில் தனியாக இருக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தோம். நாலு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வேறு ஒரு பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. பந்தல்காரனுக்கு நான்தான் போன் போட்டு வேண்டாம் என்றேன். கலா இரண்டு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த இரண்டு மாசத்துக்குள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு முக்கியமில்லை, அழைப்புதான் முக்கியம். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வந்து பத்திரிகை வைக்காவிட்டால் கூடப் பிறந்தவனே வரமாட்டான். தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அக்கா வீட்டில் கொடுத்தால் போதும் என்று ஒரு வழக்கம். "கலாவுக்கும் ஒன்னு வச்சிருக்கோம், மறக்காம குடுத்துடு," என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த நேரத்தில் இன்னொருத்தி கழுத்தில் தாலி ஏறுவதை இவள் எதற்குப் பார்க்க வேண்டும் என்று, நான் அதை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் அவளுக்கு டூட்டி என்றேன். அடுத்ததையும் போட்டேன். அதற்கடுத்ததையும். முதலில் அவளுக்கு வலிக்கும் என்று பயந்தேன். பிறகு, இத்தனை நாள் கொடுக்காததை எப்படிக் கொடுப்பது என்று பயந்தேன். பத்து வருஷத்தில் இருபத்து மூன்று பத்திரிகைகள். நல்லதை நினைத்துத்தான் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொன்னாலும், ஒளித்தது ஒளித்ததுதான்.

ஷாமினி இதில் இன்னொரு முடிச்சு போட்டாள். "அம்மா, என் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது கலா சித்திதான். வேற யாரும் வேணாம். நீங்க கேளுங்க." கேட்கிறேன் கேட்கிறேன் என்று ஒரு மாசத்தை ஓட்டிவிட்டேன். பத்து வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் வராதவள். கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. கேட்டு, அவள் வந்து, அங்கே யாராவது ஒரு வாய்க்கொழுப்புக்காரி "பத்து வருஷமா பத்திரிகை வச்சோம், இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்று கேட்டுவிட்டால்?

கலாவுக்கு வந்த பத்திரிகைகளை மட்டும் எடுத்து மறைத்துவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை, இவர் பசை வாங்கப் போன நேரத்தில் உட்கார்ந்து தேடினேன். யார் வீட்டுக் கல்யாணம், உறையில் யார் பெயர் என்று பார்த்துப் பார்த்து இவர் எல்லாவற்றையும் பிரித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். முத்தம்மா கட்டு இருந்தது. எங்கள் பெயருக்கு வந்த பெரிய கட்டு இருந்தது. கலாதேவி கட்டு இல்லை.

"கொஞ்சம் பத்திரிகை கொறையிற மாதிரி இருக்கே," என்றேன் அவர் வந்ததும், எதுவும் தெரியாதவள் போல.

"எல்லாம் பெட்டியாயிருச்சு," என்று சிரித்தார்.

சரி, யார் வீட்டுப் பெட்டியிலோ ஒட்டித் தொலைத்துவிட்டார், நல்லது என்று பெருமூச்சு விட்டேன். இந்த மனுஷன் சிரித்தால் பின்னால் ஏதோ இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை கலா உதவிக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்து, தேங்காய் மிட்டாயை வெண்ணெய்த் தாளில் சுற்ற ஆரம்பித்தாள். ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று, வாயில் ஒன்று. "அக்கா, சீனி தூக்கலா இருக்குலா." "அப்ப திங்காத." "கிளினிக்குல எல்லாருக்கும் சீனியக் கொறைங்கன்னு சொல்றவ நானு. இங்க வந்துதான் திங்க முடியும்." அவள் வந்தாலே வீட்டில் வெளிச்சம் கூடிவிடும். கேட்டுவிடலாம், இப்போது கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்தார், இரண்டு கையிலும் ஒரு பெட்டியை ஏந்திக்கொண்டு. ஷூ வாங்கினால் வரும் சப்பாத்துப் பெட்டி அளவு. மேலே, பக்கவாட்டில், எங்கும் பிள்ளையார்கள். சிவப்பு, சந்தனம், தங்கக்கோடு போட்ட நீலம், எல்லாம் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. அந்த மாதிரி ஒரு வேலையை அவர் எங்களில் யாருக்கும் செய்யவில்லை.

"கலா, இது ஒனக்கு ஸ்பெஷல். ஒன்னோட பத்திரிகையெல்லாம் நம்ம வீட்டுல பத்திரமா வச்சிருந்தியே, அதுலயே செஞ்சது. குவாட்டர்ஸுல நகை, கிகை வச்சுக்க."

என் கையில் இருந்த தட்டை நான் கீழே வைத்துவிட்டேன். கலா மூடியைத் திறந்தாள். உள்ளே நாலு பக்கமும் பெயர்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"வாசுகி கல்யாணம். சின்னம்மா மக வாசுகி." அடுத்ததுக்குப் போனாள். "சிவா அண்ணே மகனுக்கு... இது ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுலா." நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். "மாமா, இதெல்லாம் எனக்கா வந்துச்சு?"

"ஒறையில ஒம் பேருதான இருந்துச்சு. கலாதேவி மிஸ்ஸி, தாப்பான்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எந்தப் பொய்யையும் தேடவில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது.

"நீ அழுவேன்னுதான்..." என்றேன். "மொதல்ல ஒன்னு வந்துச்சு, நீ சாப்பிடாம கெடந்த. அப்புறம் குடுக்க முடியல."

கலா பெட்டியை மூடினாள். பேசியபோது குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு யாருமே பத்திரிகை வைக்கலன்னு நெனச்சேன்க்கா. கல்யாணம் நின்னுபோன பொண்ணு, மணவறைப் பக்கம் வந்தா ஆகாதுன்னு ஒதுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். பெரியப்பா எழவு வீட்டுல வாசுகி எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. பாரு, பக்கத்துல நிக்கக்கூடப் பயப்படுறான்னு நெனச்சேன். அவ எனக்குப் பத்திரிகை வச்சிருக்கா. நான்தான் போகாதவ."

"கலா..."

"நான் அழுதது ரெண்டு மாசம்க்கா. நீ ஒளிச்சு வச்சது பத்து வருஷம்."

எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். "மாமா, நீங்க வருத்தப்படாதீங்க. இது ரொம்ப அழகா இருக்கு," என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பால் செய்து வைத்திருந்தேன். அது அப்படியே கிடந்தது.

இவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷத்தில் இவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஷாமினி பத்திரிகைய நாம கலாவுக்கு வச்சோமா?"

வைக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு எதற்குப் பத்திரிகை என்று நினைத்திருந்தேன். சம்பந்தி வீட்டுச் சொந்தம், பக்கத்து வீடு, ஆபீஸ், தாமான் குடியிருப்புத் தலைவர், எல்லாருக்கும் வைத்தாயிற்று. இருபத்து மூன்று பத்திரிகையை மறைத்தவள், இருபத்து நாலாவதை வைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை. உறையில் நானே எழுதினேன், 'கலாதேவி, தாப்பா' என்று. சிம்பாங் பூலாய் டோல் தாண்டும் வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தாப்பா வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது.

கதவைத் திறந்தவள் தட்டைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவை மட்டும் அகலமாகத் திறந்தாள். மேசையில் அந்தப் பெட்டி இருந்தது, மூடி தனியாக.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். என் வாய்க்கு அந்த வழி தெரியாது. அதனால் வெறும் மூன்று வார்த்தைதான் வந்தது. "தப்பு பண்ணிட்டேன் கலா." அதைச் சொல்லிவிட்டு, பத்திரிகை வைக்கும்போது எல்லா வீட்டிலும் சொல்வதைப் போல, இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். "எங்க வீட்டுக் கல்யாணம். ஷாமினிக்கு. நீ அவசியம் வரணும்."

அவள் கை நீட்டவில்லை. "எல்லார் வீட்டுலயும் எப்படிச் சொன்னியோ அப்படிச் சொல்லு."

"அப்படித்தான சொன்னேன்."

"குடும்பத்தோட வரணும்னு சொல்லுவ."

தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். "குடும்பத்தோட வரணும்," என்றேன்.

"என் குடும்பம் இப்ப இங்கதான நிக்கிது," என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

நான் ஷாமினி கேட்டதை அப்போதே சொல்லிவிட்டேன், இனிமேல் எதையும் தள்ளிப்போட எனக்குத் தெம்பு இல்லை. "அவ கையைப் புடிச்சு நீதான் மணவறைக்குக் கூட்டிட்டு வரணுமாம். யாராவது ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன். வேணாம்னு தோணுச்சுன்னா அதையும் எங்கிட்டயே சொல்லு. முடிவு நீ பண்ணு."

கலா குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தாளை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். லீவு விண்ணப்பம். கல்யாணத் தேதிக்கு முந்தின நாள், கல்யாண நாள், மறுநாள். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். நாங்கள் பத்திரிகை அச்சுக்குக் கொடுப்பதற்கும் முன்னால்.

"அன்னிக்கே லீவு போட்டியா? நான் ஒன்னுமே கேக்கலயேடி."

"கேப்பியா கேக்க மாட்டியான்னு எனக்குத் தெரியாதுக்கா. கேக்கலன்னா, மண்டபத்துக்கு எதிர்ல காரைப் போட்டுட்டு, அவ எறங்கி உள்ள போறத மட்டும் பாத்துட்டு வந்துரலாம்னு இருந்தேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். முதுகில் ஓர் அடியும் போட்டேன், அப்படி ஒரு நினைப்பு நினைத்ததற்கு. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை, ரோட்டுக்கு எதிரில் நின்று பார்க்கத் தயாராக இருந்திருக்கிறாள். அதற்கு இந்த இரண்டு கைதான் காரணம்.

இவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று, மூக்குக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு வந்து அந்த மூடியை எடுத்துப் புரட்டிக் காட்டினார். உள்பக்கம் வெறும் அட்டையாக இருந்தது.

"இங்க ஒன்னும் ஒட்டல, கவனிச்சியா? ஷாமினி பேருக்குன்னு விட்டு வச்சேன்."

கலா தட்டிலிருந்த பத்திரிகையைப் பிரித்தாள். முழுதும் படித்தாள். அப்பா அம்மா பெயர், மண்டபம், முகூர்த்த நேரம், ஒன்று விடாமல். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள்.

"மாமா, பசை இருக்கா?"

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். இந்த மனுஷன் வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் பசையோடுதான் கிளம்புவார். மூலையில் மாட்டும் கிளிப்பை மட்டும் கொண்டு வரவில்லை. அதனால் பசை காயும் வரைக்கும், ஷாமினியின் பெயர் நகர்ந்துவிடாமல், மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் தங்கை.